அரிசி ஆலையில் பேய் தேடியவர்கள்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் நம் வகுப்பு மாணவர்கள் மூவர் ஒரு காணொளி எடுத்தனர். எலவனாசூர்கோட்டையிலிருந்து திருக்கோவலூர் செல்லும் சாலையை ஒட்டிச் சீமைக்கருவேலம் மண்டிய ஒரு பாழ்கட்டிடம். நேரம் இரவு பதினொரு மணிக்கு மேல். கையில் டார்ச்சு, முகத்தில் வரவழைத்துக்கொண்ட அச்சம், பின்னணியில் எங்கிருந்தோ இறக்கிச் சேர்த்த பெண்ணின் அழுகுரல். காணொளியின் தலைப்பு: ‘கைவிடப்பட்ட பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் ஓர் இரவு’.

சுவரில் பதித்த இரும்பு வளையங்களின் மேல் வெளிச்சம் பாய்கிறது. “இதுலதான் சங்கிலி போட்டுக் கட்டி வச்சிருந்திருக்காங்க” என்கிறான் ஒருவன். அடுத்த அறையில் இடுப்பளவு ஆழமுள்ள சிமெண்டுத் தொட்டி. “இதுல தண்ணி நிரப்பி ஷாக் குடுத்திருக்காங்க” என்கிறான் இன்னொருவன். மூன்றாமவன் ஒன்றும் பேசவில்லை. அவன்தான் படம் பிடிக்கிறான், கை நடுங்குவது போல ஆட்டிக்கொண்டே.

அந்தக் கட்டிடம் எங்கள் ஊர்ப் பழைய அரிசி ஆலை. தொட்டி, நெல் ஊறவைத்த தொட்டி. வளையங்கள், நெல்வண்டி மாடுகளைக் கட்டியவை. வெளியே புதர் மூடிக் கிடப்பது புழுங்கல் நெல் காயவைத்த களம். அங்கே மனநோயாளி எவரும் எக்காலத்திலும் தங்கியதில்லை. நம் சிறுவயதில் அந்தக் களத்தில் சிந்திய நெல்லைப் பொறுக்கக் கொக்குகள் வரும். அதைத் தவிர அமானுஷ்யமாக எதையும் நாம் அங்கே கண்டதில்லை.

இதைச் சிரித்துக் கடந்துவிடலாம். கடந்தும் இருப்போம், மறுநாள் வகுப்பில் அந்தக் காணொளி கைப்பேசி கைப்பேசியாகச் சுற்றி வந்தபோது ஒரு மாணவி எழுந்து வெளியே போகாமல் இருந்திருந்தால். மாலையில் ஆசிரியர் அறைக்கு வந்தார். “ஐயா, எங்கம்மா மாசாமாசம் கள்ளக்குறிச்சி ஜி.ஹெச்.ல மனநலப் பிரிவுக்கு மாத்திரை வாங்கப் போறாங்க. ஆறு வருசமா நல்லாத்தான் இருக்காங்க. நேத்து ராத்திரி எங்க தெருவுல யாரோ இந்த வீடியோவ அவங்ககிட்டயே காட்டியிருக்காங்க. இனிமே அந்தப் பக்கமே வரமாட்டேங்கிறாங்க.” அவ்வளவுதான் சொன்னார். கையிலிருந்த பாடப்புத்தகத்துக்குள் மருத்துவமனைச் சீட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. வீட்டில் வேறு எங்கே வைத்தாலும் யார் கண்ணிலாவது பட்டுவிடுகிறதாம்.

இக்கட்டுரை அந்தச் சீட்டின் பக்கம் நின்று எழுதப்படுகிறது. நடுநிலை எதையும் நாம் கோரவில்லை.

*

பாழடைந்த மனநல மருத்துவமனை என்ற படிமம் நம்முடையதன்று. அமெரிக்காவிலிருந்து, திரைப்படமாகவும் கணினி விளையாட்டாகவும் காணொளியாகவும் வந்து இறங்கியது. அங்கே அதற்கு ஒரு மெய்யான வரலாறு உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டான்வர்ஸ் மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். 1878இல் திறக்கப்பட்டது, தாமஸ் கிர்க்பிரைடு என்ற மருத்துவர் வகுத்த திட்டப்படி, வௌவால் இறக்கை விரித்தது போன்ற அமைப்பில் எழுப்பப்பட்டது. இன்று அந்த அமைப்பைப் பார்த்தாலே அச்சமாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் இறக்கைகளை அப்படிப் படிப்படியாகப் பின்னகர்த்திக் கட்டியதற்குக் காரணம், ஒவ்வொரு கூடத்துக்கும் வெயிலும் காற்றும் கிடைக்க வேண்டும் என்பதே. நல்ல வெளிச்சமும் தோட்ட வேலையும் அமைதியும் மனத்தை ஆற்றும் என்று அக்கால மருத்துவர்கள் மனமார நம்பினர். சில நூறு பேருக்கென்று கட்டிய இடத்தில் 2000 பேருக்கும் மேல் அடைக்கப்பட்டபோது அந்த நம்பிக்கை செத்தது. 1992இல் மருத்துவமனை மூடப்பட்டது. 2001இல் வெளிவந்த ‘செஷன் 9’ என்ற திகில் படம் அங்கேயே எடுக்கப்பட்டது. சில ஆண்டுகளில் பெரும்பகுதியை இடித்து அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டிவிட்டனர்.

அமெரிக்காவில் 1955இல் மாநில மனநல மருத்துவமனைகளில் ஏறத்தாழ 5,59,000 பேர் இருந்தனர். நாற்பது ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கும் கீழே இறங்கியது. 1950களில் வந்த குளோர்புரோமசின் என்ற மருந்து ஒரு காரணம். 1963இல் கென்னடி கையெழுத்திட்ட சமூக மனநலச் சட்டம் இன்னொரு காரணம். செலவைக் குறைக்கும் அரசுகளின் அவசரம் மற்றொன்று. வெளியே வந்தவர்களுக்கென்று வாக்களித்த ஊர்ப்புற மையங்கள் போதிய அளவில் வரவேயில்லை. பலர் தெருவுக்கும் சிறைக்கும் போய்ச் சேர்ந்தனர். ஆக, அந்தப் பாழ்கட்டிடங்களை விடுதலையின் நினைவுச்சின்னமென்று கொண்டாடவும் முடியாது. ஆனாலும் ஒன்று உண்மை. ஒரு சமூகம், சரியாகவோ தவறாகவோ, ‘இனி மனிதரை இங்கே வைக்க மாட்டோம்’ என்று முடிவெடுத்தது. கதவு திறந்தது. ஆட்கள் வெளியேறிய பிறகே கட்டிடம் பாழாயிற்று.

இத்தாலியில் இது இன்னும் தெளிவாக நடந்தது. திரியெஸ்தே நகர மனநல மருத்துவமனையில் பிராங்கோ பசாலியா என்ற மருத்துவர் பொறுப்பேற்றிருந்த காலம். 1973இல் நோயாளிகளும் கலைஞர்களும் சேர்ந்து நீல வண்ணத்தில் ஒரு பெரிய குதிரை செய்தனர். மருத்துவமனையின் சலவை வண்டியை இழுத்த குதிரையின் பெயரான மார்க்கோ கவால்லோ என்பதையே அதற்கும் வைத்தனர். ஊர்வலமாக வெளியே கொண்டு போகலாமென்றால் குதிரை வாசலை விடப் பெரிதாக இருந்தது. வாசலை இடித்தார்கள். ஐந்தாண்டு கழித்து, 1978 மே மாதத்தில், மனநல மருத்துவமனைகளைப் படிப்படியாக மூடும் சட்டம் இத்தாலியில் வந்தது. திரியெஸ்தேயின் அந்த வளாகத்தில் இன்று ரோஜாத் தோட்டமும் பல்கலைக்கழகத் துறைகளும் இருக்கின்றன.

இப்போது நம் பக்கம் திரும்புவோம். தமிழ்நாட்டில் கைவிடப்பட்ட மனநல மருத்துவமனை எங்கே இருக்கிறது?

சென்னையில் 1794இல் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் வாலண்டைன் கொனோலி ஒரு விடுதி தொடங்கினார். 1871இல் அரசின் காப்பகம் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. 1922இல் பெயர் மாறி மனநோய் மருத்துவமனை ஆயிற்று. 1978இல் மனநல மருத்துவ நிலையம் ஆயிற்று. பெயர் மாறியதே தவிர, நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒருநாளும் ஆளொழிந்து கிடந்ததில்லை. 1912இல் வெள்ளையர் போட்ட பைத்தியச் சட்டம் 1993 வரை நம்மை ஆண்டது. அதற்கிடையிலும் அங்கே நல்ல மாற்றங்கள் வந்தன. 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்த மருத்துவர் சாரதா மேனன், ஓய்வுக்குப் பின் 1984இல் ஸ்கார்ஃப் அமைப்பை உருவாக்கி, 98 வயதில் 2021இல் மறையும் வரை இந்தத் துறையை விட்டு விலகவில்லை. ஆனால் நம் திரைப்படமும் நம் திண்ணைப் பேச்சும் அவரை அறியா. அவற்றுக்குக் ‘கீழ்ப்பாக்கம்’ என்பது ஊரின் பெயரே அன்று, ஒரு வசைச்சொல். அந்தப் பகுதியில் குடியிருக்கும் எளிய மனிதர் வெளியூரில் தம் முகவரி சொல்லத் தயங்கும்படி ஓர் ஊரையே கேலியாக்கிய சாதனை நம்முடையது.

கைவிடப்பட்டவை வேறு வகையில் உண்டு. 2001 ஆகஸ்டு 6, விடிவதற்கு முன். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 பேர் மாண்டனர். ஒரு வாரத்துக்குள் அங்கிருந்த இத்தகைய காப்பகங்கள் அனைத்தையும் அரசு மூடியது. பல நூறு பேர் வெளியே கொண்டுவரப்பட்டனர். உறவினர் வந்து அழைத்துப் போனவர் போக, ஒரு பகுதியினர் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டனர். தமிழ்நாட்டில் ஆளொழிந்த மனநலக் கட்டிடங்களைத் தேடுவோர் போக வேண்டிய இடம் அதுதான். ஆனால் படம் பிடிக்க ஒன்றும் அகப்படாது. செங்கல் கட்டிடம் பாழடையும், மரம் முளைக்கும், நிலவொளியில் அழகாகத் தெரியும். ஓலைக் கொட்டகை பாழடைவதில்லை. எரிந்துவிடும்.

இதை வைத்து ஏர்வாடியின் நம்பிக்கையைப் பழிக்க வருவோருக்கும் ஒரு சொல். தர்காவும் கோயிலும் சங்கிலி செய்வதில்லை. 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வெளியானது. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் சில வாரங்கள் தங்கிய 31 பேரை மனநல மருத்துவர்கள் ஆராய்ந்தனர். மருந்து தரப்படவில்லை. நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அடிக்காத, கட்டாத, ஒதுக்காத ஓர் இடத்தில் உறவினர் கூடவே இருந்து, சிறுசிறு கோயில் வேலைகள் செய்து வாழ்ந்ததே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். ஏர்வாடியில் மனிதரைக் கொன்றது நம்பிக்கையைச் சுற்றி வளர்ந்த வணிகமும், அதைக் கண்டும் காணாதிருந்த நிர்வாகமும், கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிப் பாராத உறவுகளும்.

இருபத்திரண்டு ஆண்டு கழித்து, தொலைவில் அன்று, எங்கள் பழைய விழுப்புரம் மாவட்டத்திலேயே, குண்டலப்புலியூரில், 2023 பிப்ரவரியில் ஒரு காப்பகம் செய்திக்கு வந்தது. அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைக் காணவில்லை என்று உறவினர் நீதிமன்றம் போனார்கள். அதிகாரிகள் உள்ளே சென்றபோது உரிமமின்றி இயங்கியது தெரிந்தது. மனநலம் குன்றியோரும் ஆதரவற்றோருமாக 140 பேருக்கு மேல் மீட்கப்பட்டனர். பாலியல் வன்கொடுமை உட்படக் குற்றச்சாட்டுகள் பதிவாயின. நம் மாணவர் மூவரும் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தனர். இருசக்கர வண்டியில் போய் வரும் தூரத்தில் நடந்த இச்செய்தி அவர்கள் எவருக்கும் தெரியவில்லை. டான்வர்ஸ் தெரிந்திருந்தது.

*

இதற்கு ஒரு மறுப்பு உண்டென்பதை அறிவோம். கைவிடப்பட்ட கட்டிடங்களுக்குள் செல்வோர் அனைவரும் பேய்வணிகர் அல்லர். அழியும் வரலாற்றைப் பதிவு செய்வோரும் உளர் என்பார்கள். உண்மை. கிறிஸ்டோபர் பெய்ன் என்ற ஒளிப்படக்காரர் ஆறு ஆண்டுகளில் 30 மாநிலங்களில் 70 மருத்துவமனைகளுக்குச் சென்று எடுத்த படங்கள் 2009இல் நூலாக வந்தன. நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் அதற்கு ஒரு கட்டுரை எழுதினார். இதை நாம் குறைசொல்லப் போவதில்லை. இதைவிட ஒரு படி மேலான எடுத்துக்காட்டும் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் வில்லர்டு மனநல மருத்துவமனை 1995இல் மூடப்பட்டபோது, ஒரு கட்டிடத்தின் பரண்மேல் 400க்கும் மேற்பட்ட பெட்டிகள் கிடந்தன. உள்ளே வந்தவர்கள் கொண்டுவந்த பெட்டிகள். தைத்த துணி, குடும்பப் படம், பாதி எழுதிய கடிதம், சவரக்கத்தி. திரும்பிப் போகும்போது எடுத்துக்கொள்ளலாமென்று வைக்கப்பட்டவை, பலர் திரும்பவேயில்லை. டார்பி பென்னியும் பீட்டர் ஸ்டாஸ்ட்னியும் ஆண்டுக்கணக்கில் அப்பெட்டிகளையும் மருத்துவக் குறிப்புகளையும் ஒப்புநோக்கி, சிலருடைய வாழ்க்கையை மீட்டெடுத்து எழுதினர். இத்தாலியின் வோல்தெர்ரா மருத்துவமனையில் நன்னெத்தி என்ற மனிதர் தம் சீருடையின் கொக்கியால் வெளிச்சுவரில் கீறிக் கீறி ஏறத்தாழ 180 மீட்டர் நீளத்துக்கு எழுதி வைத்தார். பாழ்கட்டிடத்துக்குப் போனவர்கள் அந்தச் சுவரைப் படித்தார்கள்.

இவர்கள் செய்ததும் பாழ்கட்டிட உலாதான். ஆனால் போனவர்கள் அங்கே வாழ்ந்தவர் யார் என்று கேட்டுக்கொண்டு போனார்கள். பேய்க்காணொளிக்கு அந்தக் கேள்வியே ஆகாது. அங்கே இருந்தவர் வேலூர்க்காரரா, பீடி சுற்றியவரா, பாடத் தெரிந்தவரா என்று தெரிந்துவிட்டால் அச்சம் போய்விடும். பெயர் தெரிந்த ஒருவரைப் பேயாக்குவது கடினம்.

நம் வீட்டிலும் ஒரு பெட்டி இருந்தது. இதை எழுத வேண்டுமா என்று பல நாள் தயங்கினோம்.

எங்கள் சிற்றப்பா ஒருவர், நமக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது, நகரத்து மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டார். பனை ஓலையில் விசிறி பின்னத் தெரிந்தவர். திருவிழாவுக்குக் கூட்டிப் போனால் தோளை விட்டு இறக்கமாட்டார். ஒருநாள் முதல் அவர் பேச்சை வீட்டில் எவரும் எடுக்கவில்லை. 2004இல் தாத்தா இறந்தபின் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். பத்திரம், பட்டா, வெள்ளி அரைஞாண், அவற்றுக்கடியில் மூன்று கடிதங்கள். மூன்றும் மருத்துவமனையிலிருந்து வந்தவை. உங்கள் மகன் உடல்நலம் தேறியுள்ளார், வந்து அழைத்துச் செல்லவும் என்று ஏறக்குறைய ஒரே வாசகம். இரண்டாவது கடிதத்தின் ஓரத்தில் தாத்தாவின் கையெழுத்தில் ‘தை கழியட்டும்’ என்று இருந்தது. அந்தத் தையில்தான் அத்தைக்குக் கல்யாணம். அண்ணன்காரன் இப்படிப்பட்டவன் என்று மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக்கூடாது. தை கழிந்தது. அத்தைக்குப் பிள்ளை பிறந்தது. மூன்றாவது கடிதமும் வந்தது. பதில் எழுதியதற்கு அடையாளமே இல்லை. அப்பா அதே வாரம் புறப்பட்டுப் போனார். எட்டு ஆண்டுக்கு முன்பே இறந்துவிட்டதாகப் பதிவேட்டில் காட்டினார்களாம். திரும்பி வந்த அப்பா திண்ணையில் உட்கார்ந்து வெகுநேரம் செருப்பைக் கழற்றவில்லை.

எங்கள் வீட்டில் கொடியவர் ஒருவரும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தாத்தா ஊரார் வழக்குகளைத் தீர்த்து வைத்தவர். அவர் அஞ்சியது சிற்றப்பாவை அன்று. ஊர் என்ன சொல்லும் என்பதற்கு அஞ்சினார். அந்த அச்சத்துக்கு ஊர் எங்கிருந்து தீனி போடுகிறது என்பதே இங்கே நம் கேள்வி. அன்று திரைப்பட நகைச்சுவைக் காட்சி போட்டது; இன்று இரவு பதினொரு மணிக் காணொளி போடுகிறது. அந்த மாணவியின் தாய் மாத்திரையை நிறுத்துவதற்கும், தாத்தா கடிதத்தைப் பெட்டிக்கடியில் வைத்ததற்கும் காரணம் ஒன்றே.

நாடு முழுவதும் இத்தகைய கடிதங்களின் கணக்கு உண்டு. 1999இல் தேசிய மனித உரிமை ஆணையம் 37 மனநல மருத்துவமனைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, அவற்றில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு சிறைச்சாலை அமைப்பை விடாமல் வைத்திருப்பதாகக் கூறியது. பின்னர் 43 அரசு மருத்துவமனைகளில் எடுத்து 2019இல் வெளிவந்த ஆய்வில், உள்ளே இருப்போரில் மூன்றில் ஒருவருக்கும் மேற்பட்டோர் ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியவர் என்று தெரிந்தது. இவர்களில் பலருக்கு இன்று மருத்துவமனைப் படுக்கை தேவையில்லை. போக இடமில்லை, அவ்வளவே. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 19ஆம் பிரிவில் இதைத்தான் பேசுகிறது: குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காகவோ வீடில்லை என்பதற்காகவோ ஒருவரை மனநல நிலையத்தில் வைத்திருக்கலாகாது, சமூகத்தில் வாழ்வது அவர் உரிமை. 95ஆம் பிரிவு, எந்த முறையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. நல்ல சட்டம். ஆனால் ‘சமூகத்தில்’ என்று சட்டம் சொல்லும் அந்த இடம் எலவனாசூர்கோட்டையில் ஏதோ ஒரு தெரு. அங்கே வாடகைக்கு ஓர் அறை கேட்டுப் பார்க்கட்டும், நடப்பது தெரியும்.

*

இனி நம் இனத்தாருக்கு வருவோம். மாணவர்களை மட்டும் கடிந்துகொண்டு போவது எளிது. இதழ் படிக்கும் நாம் என்ன செய்தோம்?

ஏர்வாடி எரிந்தபோது நாம் இளங்கலை மாணவர். அடுத்த ஆண்டுகளில் முதுகலை படித்த காலத்தில் கருத்தரங்கு தோறும் ஃபூக்கோவின் பெயர் கேட்கும். பித்தைப் பகுத்தறிவு எப்படிச் சுவருக்குப் பின்னால் தள்ளியது என்று பாரீஸ் நகரத்துப் பதினேழாம் நூற்றாண்டுச் சான்றுகளோடு பேசுவோம். நாமும் ஒரு கட்டுரை வாசித்தோம், கைதட்டலும் வாங்கினோம். அந்த அரங்கில் ஒருவர்கூட, ஓராண்டுக்கு முன் சங்கிலியோடு எரிந்தவர்களைக் குறிப்பிடவில்லை. நாமும் குறிப்பிடவில்லை. அப்போது தாத்தாவின் பெட்டி திறக்கப்படவில்லை என்பது நமக்குச் சாக்காகாது. நம் கவிஞர்களுக்கோ பைத்தியம் என்பது ஒரு பதக்கம். தம்மைப் பித்தன் என்று அழைத்துக்கொள்ளாத புதுக்கவிஞரைத் தேட வேண்டியிருக்கிறது. மாத்திரை தின்று உடல் பருத்து, நாக்கு தடித்து, கை நடுங்க வரிசையில் நிற்கும் மனிதருக்கும் இந்தப் பட்டத்துக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

விதிவிலக்கு ஒருவர் உண்டு. கோபிகிருஷ்ணன். உளவியலும் சமூகப்பணியும் படித்தவர், அத்துறையில் வேலையும் பார்த்தவர், தாமும் மன உளைச்சலை அறிந்தவர். 2003இல் மறைந்தார். ‘உள்ளேயிருந்து சில குரல்கள்’ என்ற அவர் நூல், மனநல மருத்துவமனைக்குள் இருப்போரின் பேச்சை எவ்வித ஒப்பனையும் இன்றி முன்வைக்கிறது. சினம், சிரிப்பு, சலிப்பு, சில இடங்களில் வெறும் பசி. அதைப் படித்து முடித்தவருக்கு அக்கட்டிடத்தைப் பற்றி அச்சம் எழாது. உள்ளே இருப்பவர் நம் தெருக்காரர் என்பது மட்டும் உறைக்கும். ‘சேது’ (1999) திரைப்படத்தை லட்சக்கணக்கானோர் பார்த்துக் கண்ணீர் விட்டனர். கோபிகிருஷ்ணனை எத்தனை பேர் படித்தோம் என்பதை வாசகர் முடிவுக்கே விடுகிறோம். நம் கல்லூரிப் பாடத்திட்டத்தில் அவர் இல்லை. பரிந்துரைக்க நமக்கு வாய்ப்பிருந்தும் செய்யவில்லை, இவ்வாண்டு செய்கிறோம்.

பேய், பித்து என்ற சொற்களின் வரலாறும் இந்த மண்ணில் வேறாக இருந்தது. எங்கள் ஊருக்கு வடக்கே உள்ள திருக்கோவலூரில்தான், மழை இரவில் ஓர் இடைகழியில் முதலாழ்வார் மூவரும் நெருக்கிக்கொண்டு நின்றதாக வைணவ மரபு சொல்லும். மூவரில் ஒருவர் பெயரே பேயாழ்வார். அதற்குக் கிழக்கே திருவெண்ணெய்நல்லூர். மணக்கோலத்தில் தம்மைத் தடுத்த கிழவரைப் பித்தன் என்று ஏசிய சுந்தரர், வந்தவர் இறைவன் என்று உணர்ந்தபின் அதே சொல்லையே முதற்சொல்லாக வைத்துப் பாடிய தலம். காரைக்காலம்மையார் தம்மைப் பேய் என்றே சொல்லிக்கொண்டவர். அக்காலத்தில் மனநோயாளிகள் மாலையிட்டுப் போற்றப்பட்டனர் என்று நாம் கதைக்கவில்லை. அப்போதும் ஊர்ப்பிள்ளைகள் கல்லெறிந்திருப்பார்கள். ஆயினும் பித்து என்பது வாசலுக்குள் வந்து தன்னோடு வழக்காடக்கூடிய ஒன்று, பேய் என்பது தன்னோடு இடைகழியில் நிற்கக்கூடிய ஒன்று என்று கற்பனை செய்ய ஒரு மொழியால் முடிந்திருக்கிறது. அந்த மொழியைப் பட்டத்துக்குப் படிக்கும் பிள்ளைகள் அரிசி ஆலையில் இறக்குமதி அழுகுரலை ஓட்டுகிறார்கள் என்பதில் நமக்கு ஏற்பட்ட வெட்கம் ஆசிரியர் என்ற முறையிலானது.

“வெறும் பொழுதுபோக்குதானே ஐயா, இதுக்கு ஏன் இவ்வளவு?” என்று அம்மூவரும் கேட்டனர். கேட்டதில் தவறில்லை. நாம் அவர்களிடம் மேற்சொன்ன எதையும் பிரசங்கிக்கவில்லை. அந்த மாணவியைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஆலையில் வேலை பார்த்த அம்மாள் ஒருவர் தெற்குத் தெருவில் இருக்கிறார், போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னோம். போனார்கள். அவர் காணொளியைப் பார்த்துத் தலையிலடித்துக்கொண்டு சிரித்தாராம். பிறகு அவர்களை ஆலைக்கே அழைத்துப் போய், எந்த வளையத்தில் யாருடைய மாடு கட்டியிருந்தது, நெல் அவிக்கும்போது நீராவி பட்டுத் தம் முன்கை வெந்தது எந்த இடத்தில், கூலி பாக்கிக்காகப் பெண்கள் ஒருநாள் களத்தில் உட்கார்ந்தது எங்கே என்று ஒவ்வொன்றாகக் காட்டினாராம். பகல் வெளிச்சத்தில் அதையும் படமெடுத்திருக்கிறார்கள். பழைய காணொளியை நீக்கிவிட்டு, ‘எங்க ஊர் ரைஸ்மில்’ என்ற தலைப்பில் இதை ஏற்றியிருக்கிறார்கள்.

பழையதை ஒரே வாரத்தில் ஒன்பதாயிரம் பேர் பார்த்திருந்தனர். புதியதை இன்றுவரை 63 பேர் பார்த்திருக்கிறார்கள். அந்த மாணவியின் தாய் அடுத்த மாதம் கள்ளக்குறிச்சிக்குப் போகவில்லை. அதற்கடுத்த மாதம் மகள் கல்லூரிக்கு விடுப்பெடுத்துக்கொண்டு உடன் போனார். விடுப்புக் கடிதத்தில் காரணம் ‘காய்ச்சல்’ என்று எழுதியிருந்தார். நாம் கையெழுத்திட்டுக் கொடுத்தோம்.